காயில் அளவுகளை மாற்றுவது எப்படி: ஹென்றி முதல் நானோஹென்றி வரை முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் மின்சாதனம் பழுதுபார்க்கும் கடை இருந்தால், எல்லா வகைக் காயிலும் (கம்பிச்சுருளும்) ஒருநாள் மேசைக்கு வந்தே தீரும். (2007-இல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பேச்சில் பழைய பெயர்தான் இன்னும் ஓடுகிறது.) லயத்து வீட்டிலிருந்து தாமானுக்குக் குடிபோனவர்கள் கூடவே கழற்றிக்கொண்டு வந்த பழைய குழல்விளக்கு, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் அவசரமாகச் சரிசெய்ய வேண்டிய ஸ்பீக்கர் பெட்டி, செத்துப்போன பவர் சப்ளை, வண்டி வந்தும் திறக்காத கேட்டின் மின்சுற்றுப் பலகை. எல்லாவற்றிலும் காயில் உண்டு. குழல்விளக்கு சோக்கை, அதாவது அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் காயிலை, ஹென்றியில் பேசுவோம். ஸ்பீக்கர் பெட்டியில் மில்லிஹென்றி, பவர் சப்ளையில் மைக்ரோஹென்றி, எஃப்எம் வானொலியின் உள்ளே நானோஹென்றி.

இவற்றுக்கு நடுவே மாற்றுகிற கணக்கு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் வரும், புள்ளியை நகர்த்துவது மட்டும்தான். ஆனாலும் திறன் சான்றிதழ் படிக்கிற பிள்ளைகள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். காயிலின் உடம்பில் உள்ள எண் எந்த அலகில் இருக்கிறது என்று பார்க்காமலே கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள். வந்த விடை அந்த இடத்துக்குப் பொருந்துமா என்று யோசிக்காமலே முடித்தும் விடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் பெருக்கல் வகுத்தலுக்குக் கொஞ்சம் இடமும், அந்த இரண்டுக்கும் நிறைய இடமும் கொடுத்திருக்கிறேன்.

ஹென்றி என்றால் எவ்வளவு?

காயிலில் ஓடும் மின்னோட்டம் விநாடிக்கு 1 ஆம்பியர் வீதம் மாறும்போது அதன் இரு முனைகளுக்கு நடுவே 1 வோல்ட் எழுந்தால், அந்தக் காயிலின் மின்தூண்டல் எண் 1 ஹென்றி. அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றியின் (1797–1878) பெயர் அது. இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த அதே காலத்தில் ஹென்றியும் அமெரிக்காவில் தனியாக அந்த வேலையில் இருந்தார். 1893-இல் சிகாகோவில் கூடிய அனைத்துலக மின்சார மாநாடு இந்த அலகுக்கு அவர் பெயரை ஏற்றுக்கொண்டது. மின்தேக்கியின் அலகுக்கு ஃபாரடேயின் பெயர் போயிற்று, காயிலுக்கு ஹென்றி.

ஒரு ஹென்றி பெரிய அளவு. அதை எட்ட இரும்புத் தகடுகளை அடுக்கி, மெல்லிய செம்புக் கம்பியை நிறையச் சுற்ற வேண்டும். பழைய குழல்விளக்கு சோக்கைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கனம் தெரியும். இன்றைய பலகைகளில் ஒட்டியிருக்கும் அரிசி அளவு காயில்களுக்கு ஹென்றி பொருந்தாது. அதனால்தான் அதை ஆயிரம் ஆயிரமாக உடைத்து வைத்திருக்கிறார்கள்.

படி 1: ஏணியை மனதில் பதிய வைப்பது

மேலிருந்து கீழாக ஐந்து படி உள்ள ஓர் ஏணி என்று வைத்துக்கொள்ளுங்கள்:

ஹென்றி
மில்லிஹென்றி = 0.001 ஹென்றி (10⁻³)
மைக்ரோஹென்றி = 0.000001 ஹென்றி (10⁻⁶)
நானோஹென்றி = 0.000000001 ஹென்றி (10⁻⁹)
பிக்கோஹென்றி = 0.000000000001 ஹென்றி (10⁻¹²)

ஒவ்வொரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே சரியாக 1,000 மடங்கு. ஆக 1 ஹென்றி என்பது 1,000 மில்லிஹென்றி, அல்லது பத்து லட்சம் மைக்ரோஹென்றி, அல்லது நூறு கோடி நானோஹென்றி. கடைசிப் படியான பிக்கோவை மேசை வேலையில் தேடினாலும் கிடைக்காது. மேலே கிலோஹென்றி, மெகாஹென்றி என்றும் அலகுகள் உண்டு, அவற்றுக்கும் இங்கே வேலை இல்லை. உண்மையில் நடுவில் உள்ள மூன்று படிகளில்தான் பிழைப்பு ஓடுகிறது.

ஓர் எச்சரிக்கை. ஜூத்தா, மில்லியன் என்று தினமும் பேசுகிற நமக்கு மில்லி என்றதும் மில்லியன் நினைவுக்கு வந்துவிடும். மில்லி ஆயிரத்தில் ஒரு பங்கு. மில்லியனில் ஒரு பங்கு மைக்ரோ. இதில் குழம்பினால் விடை ஆயிரம் மடங்கு தள்ளிப்போகும்.

படி 2: எந்தப் பக்கம், எத்தனை இடம்

முதலில் கையில் உள்ள எண்ணை அலகோடு சேர்த்துத் தாளில் எழுதுங்கள். பக்கத்தில் உங்களுக்கு வேண்டிய அலகை எழுதுங்கள். ஏணியில் இரண்டுக்கும் நடுவே எத்தனை படி என்று எண்ணுங்கள். ஒரு படிக்கு மூன்று இடம், இரண்டு படிக்கு ஆறு, மூன்று படிக்கு ஒன்பது.

அடுத்தது திசை. ஏணியில் கீழே இறங்கினால், அதாவது சிறிய அலகுக்குப் போனால், எண் பெரிதாகும். புள்ளி வலப்பக்கம் நகரும். மேலே ஏறினால் எண் சிறிதாகும், புள்ளி இடப்பக்கம் நகரும். ஐந்து ரிங்கிட்டைச் சென்னாக மாற்றினால் 500 ஆகிறதே, அந்த நியாயம்தான்.

சில கணக்குகள்:

0.47 மில்லிஹென்றியை மைக்ரோவாக்க ஒரு படி கீழே இறங்குகிறோம். புள்ளி மூன்று இடம் வலப்பக்கம் போகிறது, விடை 470 மைக்ரோஹென்றி.

3,300 மைக்ரோஹென்றியை ஹென்றியாக்க இரண்டு படி மேலே. ஆறு இடம் இடப்பக்கம் போனால் 0.0033 ஹென்றி. நடுவில் ஒரு படி நின்று பார்த்தால் 3.3 மில்லிஹென்றி, வாசிக்கச் சுகமான எழுத்து அதுதான்.

82 நானோஹென்றி ஒரு படி மேலே ஏறினால் 0.082 மைக்ரோஹென்றி.

0.00015 ஹென்றி இரண்டு படி கீழே வந்தால் 150 மைக்ரோஹென்றி.

1.3 ஹென்றி ஒரு படி கீழே வந்தால் 1,300 மில்லிஹென்றி.

மாற்றிய பிறகு திரும்பவும் பழைய அலகுக்கு ஒருமுறை மனதுக்குள் மாற்றிப் பாருங்கள். பூஜ்யங்களை எண்ணும்போதுதான் கண் ஏமாற்றும், அதனால் நீளமான எண்களில் மூன்று மூன்றாகக் காற்புள்ளி போட்டு எழுதுவது நல்லது.

பள்ளிப் பையில் காசியோ எஃப்எக்ஸ்-570 கிடக்கிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி. அதில் இ-என்-ஜி என்று ஒரு பொத்தான் இருக்கும். 0.00047 என்று தட்டிச் சமக்குறியை அழுத்தியபின் அதை அழுத்தினால் 470×10⁻⁶ என்று காட்டும், அதாவது 470 மைக்ரோ. இன்னொரு முறை அழுத்தினால் 470000×10⁻⁹, அது நானோ. ஷிஃப்ட் சேர்த்து அழுத்தினால் எதிர்த்திசையில் போகும். பத்தின் அடுக்கு மூன்று மூன்றாகவே நகர்வதால், ஏணி முழுவதும் அந்த ஒரே பொத்தானில் இருக்கிறது. பிள்ளைகள் பலர் ஐந்து வருடம் அந்தக் கருவியை வைத்திருந்தும் இந்தப் பொத்தானைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

படி 3: உடம்பில் இருக்கும் எண்ணைப் படிப்பது

சரி, இனிதான் உண்மையான வேலை. காயிலின் மேல் இடம் கொஞ்சம்தான், அதனால் அலகை எழுதவே மாட்டார்கள். வெறும் எண் இருக்கும். அது எந்த அலகு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பவர் சப்ளைப் பலகைகளில் வரும் கறுப்புச் சதுரக் காயில்களிலும் உருளைக் காயில்களிலும் பெரும்பாலும் மூன்று இலக்கம் இருக்கும். அடிப்படை அலகு மைக்ரோஹென்றி. முதல் இரண்டு இலக்கமும் எண், மூன்றாவது இலக்கம் பின்னால் சேர்க்க வேண்டிய பூஜ்யங்களின் எண்ணிக்கை. 101 என்றால் 10, பின்னால் ஒரு பூஜ்யம்: 100 மைக்ரோஹென்றி. 471 என்றால் 470 மைக்ரோஹென்றி. 102 என்றால் 1,000 மைக்ரோஹென்றி, அதாவது 1 மில்லிஹென்றி. 103 என்றால் 10 மில்லிஹென்றி.

பையன்கள் விழுகிற இடம் பூஜ்யத்தில் முடிகிற எண்கள்.

"அண்ணே, 220 மைக்ரோ காயில் ஒன்னு இருக்கா? இது கருகிப் போச்சு."

"எங்க காட்டு. 220ன்னுதானே எழுதியிருக்கு? அப்ப அது 22 மைக்ரோ. 220 வேணும்னா 221ன்னு இருக்கணும்."

கடைசிப் பூஜ்யம் "பூஜ்யம் எதுவும் சேர்க்காதே" என்று சொல்கிறது. அதே முறையில் 100 என்று எழுதிய காயில் 10 மைக்ரோஹென்றி, 330 என்று எழுதியது 33. பத்து மடங்கு பெரிய காயிலைப் போட்டாலும் பலகை சில நேரம் ஓடும். ஓடிக்கொண்டே ஏதோ ஒரு சுமையில் அடம்பிடிக்கும். உடனே புகைந்து போகிற பலகையைவிட அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

பத்துக்குக் கீழே போனால் நடுவில் ஆங்கில ஆர் எழுத்து தசமப் புள்ளியாக உட்காரும். 4ஆர்7 என்றால் 4.7 மைக்ரோஹென்றி. ஆர்47 என்றால் 0.47 மைக்ரோஹென்றி, அதையே ஒரு படி இறக்கிச் சொன்னால் 470 நானோஹென்றி. வானொலி அலைவரிசைப் பகுதிகளில் வரும் மிகச் சிறிய காயில்களில் ஆருக்குப் பதில் என் எழுத்து வரும். அங்கே அலகே நானோஹென்றி. 4என்7 என்றால் 4.7 நானோஹென்றி, 47என் என்றால் 47 நானோஹென்றி. ஆரும் என்னும் மாறிப்போனால் ஆயிரம் மடங்கு போச்சு.

மின்தேக்கியிலும் இதே மூன்று இலக்க முறைதான், ஆனால் அங்கே அடிப்படை பிக்கோஃபாரட். 104 என்று எழுதிய மின்தேக்கி 0.1 மைக்ரோஃபாரட். 104 என்று எழுதிய காயில் 100 மில்லிஹென்றி. மின்தேக்கிக்குப் பழகிய கண் காயிலையும் பிக்கோவிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். எண்ணைப் படிக்கும் முன் எதைப் பிடித்திருக்கிறோம் என்று பாருங்கள்.

அப்புறம் வண்ணப் பட்டைகள். மின்தடை போலவே தோற்றம், பெரும்பாலும் வெளிர்பச்சை உடம்பு. நிறங்களின் மதிப்பு மின்தடைக்கு உள்ளதுதான், விடை மட்டும் மைக்ரோஹென்றியில் வரும். பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்றால் 100 மைக்ரோஹென்றி. மஞ்சள், ஊதா, கறுப்பு என்றால் 47. சிவப்பு, சிவப்பு, தங்கம் என்றால் 2.2, ஏனென்றால் மூன்றாவது இடத்தில் தங்கம் வந்தால் 0.1-ஆல் பெருக்க வேண்டும். நான்காவது பட்டை துல்லியம்: தங்கம் 5 சதவீதம், வெள்ளி 10 சதவீதம். மின்தடையா காயிலா என்று சந்தேகம் வந்தால் சாதாரண மீட்டரை ஓம் அளவில் வைத்துத் தொடுங்கள். பழுப்பு கறுப்பு பழுப்பு மின்தடையாக இருந்தால் 100 ஓம் காட்டும். காயிலாக இருந்தால் சில ஓம்தான்.

மூன்று இலக்கத்துக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருந்தால் அதுவும் துல்லியம். ஜே 5 சதவீதம், கே 10, எம் 20. 101எம் என்று எழுதிய காயில் 80 முதல் 120 மைக்ரோஹென்றி வரை எங்கே இருந்தாலும் நல்ல காயில்தான். அந்த எம்மை மில்லி என்று படிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சுற்றுப்படத்தில் வேறு தொல்லை. மைக்ரோவைக் குறிக்கும் மியூ எழுத்து எல்லா விசைப்பலகையிலும் கிடையாது என்பதால் பலர் அதற்குப் பதில் சிறிய ஆங்கில யூ போடுவார்கள். அதில் குழப்பம் இல்லை. ஆனால் நகலை நகலெடுத்து மங்கிப்போன தாளில் மியூவின் வால் மறைந்துவிட்டால் அதைச் சிறிய எம் என்று படித்துவிட வாய்ப்புண்டு. மைக்ரோ மில்லியாகிவிடும். இன்னும் சிலர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடிப்பார்கள். பெரிய எம் எழுதினால் அது மெகா, ஆனால் மெகாஹென்றிக் காயில் எந்தக் கடையிலும் விற்பதில்லை, அதனால் எழுதியவர் மில்லியைத்தான் சொல்ல வந்தார் என்று எடுத்துக்கொள்ளலாம். மைக்ரோவைச் சொல்ல வந்திருக்கவும் கூடும். இந்த மாதிரி இடத்தில் எழுத்தை நம்பாமல் படி 5-க்குப் போங்கள்.

படி 4: மீட்டரில் பார்ப்பது

கடையில் எல்லோரிடமும் உள்ள சாதாரண மல்டிமீட்டர் காயில் அறுந்திருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். மின்தூண்டல் எண்ணைப் பார்க்க எல்சிஆர் மீட்டர் வேண்டும். அளக்கும் முன் சாதனத்தின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். பவர் சப்ளையில் பெரிய மின்தேக்கி இருந்தால் அதன் மின்னேற்றம் வடிந்ததா என்று பாருங்கள். முடிந்தால் காயிலின் ஒரு காலையாவது பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அக்கம்பக்கத்து உறுப்புகளையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

கையால் அளவு மாற்றும் மலிவு மீட்டர்களில் 2 மில்லி, 20 மில்லி, 200 மில்லி, 2 ஹென்றி, 20 ஹென்றி என்பது போன்ற வரிசை இருக்கும். திரையில் வருகிற எண்ணுக்கு அலகு கொடுப்பது அந்தத் திருகுதான். 2 மில்லி அளவில் .470 என்று காட்டினால் 0.470 மில்லிஹென்றி, அதாவது 470 மைக்ரோஹென்றி. அதே காயிலை 20 மில்லியில் வைத்தால் 0.47, 200 மில்லியில் வைத்தால் 0.4 அல்லது 0.5, 2 ஹென்றியில் வைத்தால் வெறும் .000. காயில் செத்துவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இடப்பக்கம் 1 மட்டும் நின்றால் அளவு போதவில்லை, திருகை ஒரு படி ஏற்றுங்கள்.

சிறிய காயில்களில் மீட்டரின் கம்பியே விடையைக் கெடுக்கும். நேரான கம்பிக்கும் மின்தூண்டல் உண்டு. தோராயமாக ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 நானோஹென்றி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 10 சென்டிமீட்டர் கம்பி சுமார் 100 நானோஹென்றி, அதாவது 0.1 மைக்ரோஹென்றி. அளக்கிற காயில் 1 மில்லிஹென்றி என்றால் இதைப் பொருட்படுத்த வேண்டாம், பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆர்47 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தப்பாகிவிடும். முனைகளைச் சேர்த்துப் பிடித்து என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு கழித்துவிடுங்கள்.

இரும்பு உள்ளகம் கொண்ட காயில்களில் இரண்டு மீட்டர் இரண்டு விதமாகச் சொல்லலாம். சோதனை அதிர்வெண்ணும் மின்னோட்டமும் மாறினால் அவற்றின் மின்தூண்டல் எண்ணும் மாறும். அதை அலகு மாற்றியதில் வந்த பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட வேண்டாம். அலகில் பிழை என்றால் வித்தியாசம் ஆயிரம் மடங்காக இருக்கும், பத்து இருபது சதவீதமாக இருக்காது.

படி 5: விடை அந்த இடத்துக்குப் பொருந்துமா?

எந்தக் காயில் எந்த வீட்டில் குடியிருக்கும் என்று தெரிந்தவருக்கு மாற்றுப் பட்டியலே தேவைப்படாது. நான் மனதில் வைத்திருக்கும் அளவுகள் இவை.

36 அல்லது 40 வாட் குழல்விளக்கின் இரும்பு சோக்: ஒரு ஹென்றியும் அதற்குக் கொஞ்சம் மேலும். ஸ்பீக்கர் பெட்டியில் தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் காயில்: 0.1 முதல் சில மில்லிஹென்றி. பவர் சப்ளையில் மின்சாரம் நுழையும் இடத்தில் இரட்டைச் சுற்றோடு இருக்கும் இரைச்சல் வடிகட்டி: சில மில்லியிலிருந்து சில பத்து மில்லிஹென்றி. அதே பலகையில் வெளியேறும் பக்கக் காயில்: சில மைக்ரோவிலிருந்து சில நூறு மைக்ரோஹென்றி. பழைய டிரான்சிஸ்டர் வானொலியின் ஃபெரைட் தண்டுக் காயில்: சில நூறு மைக்ரோஹென்றி. தாமான் காவல் சாவடியில் வண்டியை உணர்வதற்காகத் தரையில் புதைத்த கம்பிச் சுருளும் பத்துக்கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கான மைக்ரோஹென்றிக்குள் வரும். எஃப்எம் வானொலியின் நாலைந்து சுற்றுக் காயில்: பத்து முதல் சில நூறு நானோஹென்றி.

சந்தேகம் வந்தால் எதிர்ப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். மாறுமின்னோட்டத்துக்குக் காயில் காட்டும் எதிர்ப்பு = 6.283 × அதிர்வெண் × ஹென்றியில் மின்தூண்டல் எண். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சோக் 1.3 ஹென்றி என்றால் 6.283 × 50 × 1.3 = சுமார் 408 ஓம். குழலின் மின்னோட்டத்தை அரை ஆம்பியருக்குள் கட்டிப்போட அது போதும். அதையே யாரோ 1.3 மில்லிஹென்றி என்று எழுதிவிட்டால் எதிர்ப்பு 0.41 ஓம். அப்படி ஒரு சோக் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தவே செய்யாது, குழலோ பியூஸோ உடனே போய்விடும். ஆகவே எழுதியதில் தப்பு என்று சோக்கைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

சூத்திரத்துக்குள் போடும்போது

சூத்திரங்கள் ஹென்றியை மட்டும்தான் சாப்பிடும். மில்லியோ மைக்ரோவோ கையில் இருந்தால் முதலில் ஹென்றியாக்கிவிட்டுப் பிறகு போடுங்கள், விடையை வசதியான படிக்கு இறக்குங்கள்.

கோயில் ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 3,000 ஹெர்ட்ஸில் பிரிக்கும் எளிய கிராஸ்ஓவர் வேண்டும். காயில் = 8 ÷ (6.283 × 3,000) = 0.000424 ஹென்றி. மூன்று இடம் நகர்த்தினால் 0.424 மில்லிஹென்றி, ஆறு இடம் நகர்த்தினால் 424 மைக்ரோஹென்றி. கடையில் சரியாக 0.424 கிடைக்காது. பக்கத்தில் உள்ள நிலையான அளவுகள் 0.39, 0.47. முதலாவதைப் போட்டால் பிரிவு 3,265 ஹெர்ட்ஸுக்குப் போகும், இரண்டாவதைப் போட்டால் 2,709-க்கு இறங்கும். எதைப் போடுவது என்பது ட்வீட்டரை, அதாவது உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரை, பொறுத்தது. உறுமி மேளத்தை முழுச் சத்தத்தில் ஓட்டுகிற பெட்டிக்கு நான் முதலாவதையே எடுப்பேன். அதற்கேற்ப ட்வீட்டர் பக்கத்து மின்தேக்கியையும் அதே அதிர்வெண்ணுக்குக் கணக்கிட்டால், அந்தச் சின்ன ட்வீட்டரின் மேல் விழுகிற சுமை குறையும்.

அடுத்தது வானொலி. கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் எஃப்எம் 96.3 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. 100 நானோஹென்றிக் காயிலும் 27 பிக்கோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் எங்கே ஒத்திசையும்? இரண்டையும் பெருக்கினால் 100×10⁻⁹ × 27×10⁻¹² = 2.7×10⁻¹⁸. வர்க்கமூலம் 1.643×10⁻⁹. அதை 6.283-ஆல் பெருக்கி 1-ஐ வகுத்தால் சுமார் 96.9 மெகாஹெர்ட்ஸ். காயிலின் சுற்றுகளை லேசாக நெருக்கினால் நிலையம் வந்து உட்காரும்.

இங்கே நானோவுக்குப் பதில் மைக்ரோ என்று போட்டுவிட்டால் விடை ஆயிரம் மடங்கு தப்பாகாது, 31.6 மடங்குதான் தப்பாகும், வர்க்கமூலம் இருக்கிறதல்லவா. 96.9-க்குப் பதில் 3.06 மெகாஹெர்ட்ஸ் வரும். அதுவும் வானொலி அலைவரிசை மாதிரியே தெரிவதால் பரீட்சையில் பலர் அப்படியே எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

காயில்களைச் சேர்க்கும்போது விதி இன்னும் எளிது: ஒரே அலகுக்குக் கொண்டுவராமல் கூட்டாதீர்கள். ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றைத் தொடாதபடி தள்ளி வைத்து, 1.5 மில்லிஹென்றியையும் 330 மைக்ரோஹென்றியையும் தொடராக இணைத்தால் 1,500 + 330 = 1,830 மைக்ரோஹென்றி, அதாவது 1.83 மில்லிஹென்றி. பக்க இணைப்பு மின்தடை போலவேதான். 1 மில்லிஹென்றியும் 470 மைக்ரோஹென்றியும் சேர்ந்தால் 1,000 × 470 ÷ 1,470 = சுமார் 320 மைக்ரோஹென்றி.

சொந்தமாகச் சுற்றுகிறவர்களுக்கு

ஃபெரைட் வளையம் வாங்கினால் அதன் தாளில் ஏ-எல் என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் நானோஹென்றியில், ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று. சுற்றுகள் இரண்டு மடங்கானால் மின்தூண்டல் நான்கு மடங்காகும், ஆகவே மின்தூண்டல் எண் = ஏ-எல் × சுற்றுகளின் வர்க்கம்.

10 மில்லிஹென்றி வேண்டும், வளையத்தின் ஏ-எல் 2,000 நானோஹென்றி என்று வையுங்கள். முதலில் 10 மில்லியை நானோவாக்குங்கள். இரண்டு படி இறங்கினால் 10,000,000 நானோஹென்றி. 2,000-ஆல் வகுத்தால் 5,000. வர்க்கமூலம் 70.7, ஆக 71 சுற்று.

சில தாள்களில் ஏ-எல் வேறு மாதிரி இருக்கும். 1,000 சுற்றுக்கு இத்தனை மில்லிஹென்றி என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். 1,000-இன் வர்க்கம் பத்து லட்சம், மில்லியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் நானோ, ஆக எண் மாறாமல் அப்படியே நிற்கும். இரும்புத் தூள் வளையங்களில் 100 சுற்றுக்கு இத்தனை மைக்ரோஹென்றி என்று வரும். அங்கே எண்ணைப் பத்தால் வகுத்தால்தான் ஒரு சுற்றுக்கான நானோஹென்றி கிடைக்கும். இந்தப் பத்து மடங்கைக் கவனிக்காமல் சுற்றினால் சுற்றுகள் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், முடித்து மீட்டரில் வைக்கும்போதுதான் தெரியும்.

பழைய நூல்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காயில் அளவைச் சென்டிமீட்டரில் கொடுத்திருந்தால் அது அச்சுப்பிழை இல்லை. பழைய மின்காந்த அலகு முறையில் 1 சென்டிமீட்டர் என்பது 1 நானோஹென்றி. அப்ஹென்றி என்று இருந்தாலும் அதேதான்.

வாங்கும்போது

பெர்ஜுந்தையில் கிடைக்காததைக் கோலாலம்பூர் புடு ஜாலான் பாசாரில் தேடலாம், அல்லது இணையத்தில் வரவழைக்கலாம். எங்கே கேட்டாலும் அலகை முழுச் சொல்லாக எழுதிக் கொடுங்கள்: "470 மைக்ரோஹென்றி, உடம்பில் 471". இரண்டையும் சேர்த்து எழுதினால் கடைக்காரர் ஒன்றைத் தப்பாகப் படித்தாலும் மற்றது பிடித்துக்கொடுக்கும். இணையப் பக்கத்தில் தலைப்பில் மில்லி, விவரத்தில் மைக்ரோ என்று இருந்தால் படத்தைப் பெரிதாக்கி உடம்பில் உள்ள எண்ணைப் படியுங்கள்.

கூடவே மின்னோட்ட அளவையும் சொல்ல வேண்டும். அதே 100 மைக்ரோஹென்றியில் 0.2 ஆம்பியர் தாங்குவதும் இருக்கிறது, 5 ஆம்பியர் தாங்குவதும் இருக்கிறது. மீட்டரில் இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும். பழைய காயிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், கம்பியின் தடிமனையும் உள்ளகத்தின் அளவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.